டேனியல் ஜெயித்த ஆட்டம்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

ராணியை நகர்த்துவதில்லை என்ற மாபெரும் முடிவை இன்று எடுத்தேன். நகர்த்தியிருந்தால் ஆம்பூர் டேனியலுக்கு மேட். மின்னஞ்சல் சதுரங்கக் குழுவில் அவரிடம் நான் ஜெயிக்கவிருந்த முதல் ஆட்டம் அது.

அவர் மாரடைப்பில் போய்விட்டதாகப் போன வாரம் அவர் மனைவி குழுவுக்கு எழுதினார். அவருடைய முகவரியிலிருந்தே எழுதியதால், அடுத்த நகர்த்தல் என்று நினைத்து ஆவலாகத் திறந்தேன்.

வருடக்கணக்காகத் தினமும் எனக்கு எழுதிய மனிதர். ஆம்பூர் பஸ் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, ஒருநாளும் ஏறவில்லை. முகம்கூடத் தெரியாது. கெடுவுக்குள் நகர்த்தாதவர் தோற்றவர் என்பது விதி. லாங் பஜார் பிரவுசிங் சென்டரில் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கெடு முடிந்தது. நாளைக்கு எதற்காக அங்கே போவேன் என்று தெரியவில்லை.

குழுவை நடத்தும் வாணியம்பாடி இக்பால் பாய் போன் செய்தார்.

"இன்னா சார், கைல இருந்த மேட்டை விட்டுட்டீங்க?"

"மனசு வரல பாய்."

"நீங்க தோத்துட்டு பேஜாரை என் தலைல கட்டிட்டீங்க. அரையிறுதில அவரு என்கூட ஆடணும். அவரை நான் மட்டும் எப்படி சார் ஜெயிக்கிறது?"

"நீங்களும் நகர்த்தாம விட்டுடுங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

குழுவின் கணினி அரையிறுதி அட்டவணையைப் போட்டுவிட்டது. வெள்ளைக் காய் டேனியலுக்கு. முதல் நகர்த்தல் அவருடையது.