பச்ச ரெக்சின் போட்ட பின் சீட்டு

கடலூர் முதுநகர்
20.8.2006

அன்புள்ள மாப்ள பழனிவேலுக்கு, உன் மச்சான் ஆண்டி எழுதிக்கிறது. இங்க நானும் தைலம்மாவும் சொகம். அங்க நீயும் பாப்பா சத்யப்பிரியாவும் சொகமா?

போன்ல சொல்லலாம்னா அந்த ரைஸ்மில்லு சத்தத்துல உனக்கு ஒண்ணும் காதுல வுழாது. நானும் ஆரம்பிச்சா சட்டுனு முடிக்கிற ஆளு இல்ல. பஸ்ஸு போர்டு பாத்து எழுத்துக் கத்துக்கிட்டவன், தப்பு கிப்பு இருந்தா பாப்பாவ வுட்டு படிக்கச் சொல்லு. இல்ல, வாணாம். நீயே எழுத்துக்கூட்டி படி. பாப்பாவுக்கு இப்பவே தெரியக்கூடாத சேதி.

போன வாரம் புவனகிரில ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு பரவால்ல, ரசம்தான் வெறும் தண்ணி. மைக்செட்டுக்காரன் சபாபதின்னு ஒருத்தன், பாட்ட அலற வுட்டுட்டு எங்கியோ போயிட்டான். கொழந்த காத ஆசாரி குத்துறானா, ஸ்பீக்கரு குத்துதான்னே தெரியல. சத்தத்த கொறடான்னு சொல்ல அவன் கொட்டாய்க்குப் போனேன். போனா, உள்ள நிக்கிது மாப்ள! மார்க் டூ அம்பாசடரு. கட்டம் கட்டமா கிரில்லு, ஸ்டியரிங்லியே கியரு, முன்னால ஒரே நீட்டு சீட்டு. பின்னால பூரா கொழா ஸ்பீக்கர அடுக்கி வச்சிருக்கான். டயரு பாதி மண்ணுல பொதஞ்சி கெடக்குது.

காட்டுமன்னார்கோயில் டாக்சி ஸ்டாண்டுல மொத மொதல்ல நான் வாங்கி ஓட்டுனேனே, அச்சு அசல் அந்த மாதிரி. அதே வண்டி இல்ல, நம்பரு பாத்துட்டேன். நம்புளுது எந்தப் பழைய இரும்புக்கடையில கரைஞ்சிதோ.

தங்கச்சி மாரிக்கு வலி எடுத்து, அந்த வண்டில போட்டுக்கிட்டுதான சிதம்பரம் ஓடுனோம். வீராணம் ஏரிக்கரையிலியே பாப்பா பொறந்து வீல்னு கத்துனா. மாரி ஆஸ்பத்திரியோட போயிட்டா, நம்ம கையில புள்ளயக் குடுத்துட்டு. வர்ற தையில அந்தப் புள்ளைக்கி கல்யாணம். பொண்ணழைப்புக்குத் தாய்மாமன் நான்தான் கூட்டியாரணும், மாமன் பட்டமும் நான்தான் கட்டணும். பொறந்த மாதிரி வண்டியிலியே அவள மண்டபத்துல எறக்கணும் மாப்ள. வண்டிய பேசி முடிச்சிட்டேன். தைக்குள்ள எப்பிடியாச்சும் ரெடி பண்ணியாவணும். நீ சரின்னு ஒரு வார்த்த எழுது, தெம்பா வேலயப் பாப்பேன்.

இப்படிக்கு
ஆண்டி


காட்டுமன்னார்கோயில்
6.9.2006

மச்சானுக்கு பழனிவேலு எழுதுறது. கடுதாசி வந்துது. இங்க மழ இல்ல, ஏரிலியும் தண்ணி கம்மி. மாப்ள வூட்ல பொண்ணழைப்புக்கு சுமோ பேசலாம்னு சொல்றாங்க. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? சிப்காட் கம்பெனில ஸ்டாஃப் பஸ் ஓட்டிட்டு வந்து ரெஸ்ட் எடு.

அந்த வண்டில பின் சீட்டு இன்னா கலரு?

பழனிவேலு


கடலூர் முதுநகர்
5.11.2006

அன்புள்ள மாப்ளைக்கு,

சுமோவாம் சுமோ! தாய்மாமன் உசுரோட இருக்கும்போது வாடக சுமோவுலியா பொண்ணு எறங்கும்? இன்னொரு தடவ சொல்லாத, கோவம் வரும்.

வேல நடக்குது. நம்ம அந்தோணிசாமிதான் டிங்கரிங். வேலக்காரன்தான், ஆனா வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்னு திடீர்னு காணாமப் பூட்டான். வந்ததும் நல்லா திட்டுனேன். "ஒன் வண்டிக்கும் சேத்துதான்யா வேண்டிக்கிட்டு வந்தேன்"னுட்டான். அப்புறம் இன்னாத்த திட்டுறது. கீழ பிளேட்டு பூரா துரு, வெரல வச்சா உள்ள போவுது. அத வெட்டிப் புதுசா அடிச்சாச்சி. கியரு ராடுதான் படுத்துது. ரெண்டாவது போட்டா ரிவர்ஸ்ல வுழுது. கல்யாணத்தன்னிக்கி மண்டபத்து வாசல்ல இப்பிடி ஆனா என் மானம் இன்னாவறது? இந்த அடமழைல பெயிண்டும் காய மாட்டேங்குது. அந்தோணிசாமி கொட்டாய் ஒழுவுற எடத்துல நானே கொட புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். தைலம்மா பாத்துட்டு, "என்ன ஒரு நாளாவது இப்பிடி கொட புடிச்சி கூட்டிக்கிட்டு போனியா?"ன்னு கேக்குறா.

கலரு கேட்டியே, உன் ஞாபகமே ஞாபகம்! சபாபதி வண்டில சீட்டு தவுட்டுக் கலருல கிழிஞ்சி கெடந்துது. வுடுவனா? பாண்டிச்சேரில கட கடையா அலஞ்சி, நம்ம வண்டில இருந்த அதே கிளிப்பச்ச ரெக்சின புடிச்சிட்டேன். பின் சீட்டு தச்சி மாட்டியாச்சி. பாத்தா அன்னிக்கி மாதிரியே இருக்குது மாப்ள.

சரின்னு மட்டும் நீ இன்னும் எழுதல. தபால்காரன் போனதும் தைலம்மாவ ரெண்டு தடவ கேக்குறேன். கோவமா?

ஆண்டி


கடலூர் முதுநகர்
17.12.2006

மாப்ளைக்கு,

இன்னும் பதில் இல்ல. மஞ்சக்குப்பம் பஸ்டாண்டுல உங்க ஊரு ஆளு ஒருத்தரப் பாத்தேன். "பழனிவேலுவா, நல்லாத்தான் மில்லுக்குப் போறாரு"ன்னாரு. நிம்மதியா வந்தேன். மறுநாளு பாப்பா போன் பண்ணுது, "மாமா, அப்பா சரியாவே சாப்பிடறதில்ல, உங்க கடுதாசிய மடிச்சி மடிச்சி பாக்கெட்லியே வச்சிருக்காரு, அதுல இன்னா எழுதுனீங்க?"ன்னு. சும்மா, மழ சேதின்னு சமாளிச்சேன். அதுலேர்ந்து எனக்கும் சோறு எறங்கல.

வண்டி ஓடுது. கியரு சரியாயிடிச்சி. ஆனா நீ சரின்னு சொல்லாம நான் எப்பிடி ஒன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துவேன்? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா? திட்டியாச்சும் எழுது.

ஆண்டி


காட்டுமன்னார்கோயில்
28.12.2006

மச்சானுக்கு,

கோவம் இல்ல. எப்பிடி எழுதறதுன்னுதான் தெரியல.

நீ அன்னிக்கி ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டு இருந்த. நான் சீட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். மாரி தல என் மடில. மருத்துவச்சி ஞானாம்பா கீழ குந்திக்கிட்டு இருந்தாங்க. புள்ள கத்துனதும் நீ "ஆம்பளயா பொம்பளயா"ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்ட. நானும் சிரிச்சேன். அப்புறந்தான் பாத்தேன், அந்தப் பச்ச சீட்டு பச்சையா இல்ல.

லால்பேட்ட தாண்டும்போது, என் சட்டையப் புடிச்சிருந்த மாரி கை தானா வுட்டுப் போச்சி. ஆஸ்பத்திரில போயிதான் போனான்னு இத்தினி வருசமா நெனச்சிக்கிட்டு இருக்க. இல்ல மச்சான். வண்டிலியே போயிட்டா. ஒங்கிட்ட சொல்ல வாயத் தொறந்தேன். ஞானாம்பா என் கையப் புடிச்சி, "சொல்லாத தம்பி, அண்ணங்காரன் வண்டிய நிறுத்திடுவான், புள்ளைக்கி மூச்சு சரியில்ல"ன்னாங்க. நீ "இதோ வந்துட்டம்மா, இதோ வந்துட்டம்மா"ன்னு அவகிட்ட பேசிக்கிட்டே ஆரன் அடிச்சிக்கிட்டு வந்த. சிதம்பரம் வரைக்கும் நான் ஒன் முதுவயே பாத்துக்கிட்டு வந்தேன்.

ஒனக்கு அது பாப்பா பொறந்த வண்டி. எனக்கு அப்பிடி இல்ல. நீ பட்டம் கட்ட கட்டாயம் வரணும். வண்டி வாணாம்.

பழனிவேலு


கடலூர் முதுநகர்
4.1.2007

மாப்ள,

படிச்சேன். தைலம்மாகிட்டகூட சொல்லல. நேரா கொட்டாய்க்குப் போயி பின் சீட்டுல, நீ உக்காந்த பக்கம் உக்காந்து பாத்தேன். அங்கேர்ந்து ரோடே தெரியல மாப்ள.

அந்தோணிசாமி வந்து "இன்னாண்ண, சீட்டு குத்துதா?"ன்னான். ஆமாண்டா குத்துதுன்னேன். பச்சைய முழுசா உரிச்சிட்டோம். இப்ப வெறும் ஸ்பிரிங்குதான் நிக்கிது.

நீ வாணான்னா வாணாம். சபாபதிகிட்டியே வுட்டுட்டு பஸ்ஸு புடிச்சி வந்து பட்டம் கட்டுறேன், ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். முன் சீட்டு ஒரே நீட்டுதான், மூணு பேரு தாராளமா குந்தலாம். அன்னிக்கி நான் மட்டும் முன்னால இருந்தேன். இந்த தடவ நீயும் வந்து எம்பக்கத்துல உக்காரு. ரெண்டு பேருமே ரோட்டப் பாப்போம்.

மாட்டேன்னாலும் எழுது.

ஆண்டி


காட்டுமன்னார்கோயில்
12.1.2007

மச்சானுக்கு,

பாப்பாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம், "சீட்ட மஞ்சளா போடச் சொல்லுப்பா"ன்னா.

பொண்ணழைப்பு சாயங்காலம். வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பணும். முன் சீட்டு பக்கத்து கதவுக் கண்ணாடி கீழ எறங்குதான்னு பாத்து வையி, எனக்குக் காத்து வேணும். ஏரிக்கரையில மெதுவா ஓட்டு. ஆரன் அடிக்காத. இந்த தடவ ஒரு அவசரமும் இல்ல.

பழனிவேலு