கயிறோடு கொடுத்த பசு

உத்தமபாளையம் தாலுகா,
9 பிப்ரவரி 1941

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

இன்னாசி எழுதுகிறேன். நான் சுகம். மூட்டுவலி மட்டும் பனிக்காலத்தில் கூடியிருக்கிறது. உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஊர்ப் பங்கை இவ்வளவு சீக்கிரம் திரட்டியதற்காக எங்கள் கமிட்டியாரைப் பாராட்டச் சொல்லியிருந்தாய். அந்தப் பாராட்டை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் திரட்டினார்கள் என்று தெரிந்திருந்தால் நீயும் எழுதியிருக்கமாட்டாய்.

எங்கள் மாதா கோவில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துவிட்ட சேவலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுச் சேவலைத் திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம். ஒரே சேவல் ஏழெட்டுத் தடவை விலைபோய், கடைசியில் கோவில் வாசலில் வைத்து, கொடுத்தவர் கைக்கே திரும்பி வரும். இதை நான் பெரிய பக்தி என்று நினைத்ததில்லை. ஆனாலும் அதில் யாருக்கும் இழப்பில்லை, சேவலுக்கும் இல்லை.

"ஊரார் பாதி போட்டால் சென்னைக் கமிட்டி பாதி தரும்" என்று நீ எழுதியதும், கட்டடக் கமிட்டித் தலைவர் பங்கிராஸுக்கு ஒரு யோசனை வந்தது. சேவலுக்குப் பதிலாக ஆடு மாடுகளை ஏலம் விடுவது, வெளியூர்களிலும் தமுக்கடித்து ஆள் சேர்ப்பது. நான் வேண்டாம் என்றேன். கோவிலில் பெயரை வாசித்துக் கேட்டால் இல்லாதவர்களும் மறுக்க முடியாமல் ஓட்டிவருவார்கள், அந்த வாயில்லா ஜீவன் யார் கைக்குப் போகிறது என்று நாம் பார்க்கப்போவதுமில்லை என்றேன். பங்கிராஸ் மற்றவர்களைப் பார்த்து, "வாத்தியாரம்மா ஒரு கோழியக்கூடக் கையில புடிச்சிருக்க மாட்டாக. மாட்டுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இவ்வளவும் உண்மை. ஆனால் மறுநாள் ஏலப் பட்டியலை எழுதிக்கொடுத்ததும் நான்தான். என் கையெழுத்துத்தான் திருத்தமாக இருக்கிறதாம். கூரை ஒழுகும் வகுப்பறையை நினைத்துக்கொண்டு எழுதினேன். அதில் ஏழாவது பெயர் செபஸ்தியம்மாள்.

புருஷன் இறந்தபின் ஒரே பசுவின் பாலை விற்று மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவள். அன்று கன்றை வீட்டில் கட்டிவிட்டுப் பசுவை மட்டும் ஓட்டிவந்தாள். உள்ளூர்க்காரர் யாராவது எடுப்பார், பணத்தைக் கட்டிவிட்டுச் சேவலைப் போலத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறாள். பங்கிராஸ் நாலைந்து தடவை விலை கூவிவிட்டு ஏலத்தை முடித்துவிட்டார். எடுத்தவர் தவசி என்ற வெளியூர் மாட்டு வியாபாரி. கையோடு ஓட்டிப் போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகும் செபஸ்தியம்மாள் கோவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கேட்டதற்கு, "திருப்பிக் குடுக்கக் கூப்புடுவாக, இருக்கேன்" என்றாள்.

மறுநாள் உத்தமபாளையத்தில் தவசியின் தொழுவத்தைத் தேடிப் போனேன். அடுத்த வியாழக்கிழமை மந்தையைக் குமுளி வழியாக மேற்கே மலையாளத்துக்கு ஓட்டுவதாக இருந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு வாத்தியாரம்மா. மாட்டை விக்கிறவுக கழுத்துக் கயித்த அவுத்து வச்சுக்கிருவாக, வாங்குறவன்தான் புதுக்கயிறு போடணும். அந்தம்மா கயிறோட குடுத்துச்சு. சாமிக்குன்னு மனசாரக் குடுக்குதுன்னு நெனச்சேன்" என்றார். விற்கிற எண்ணமே இல்லாததால்தான் அவள் கயிற்றை அவிழ்க்கவில்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என் கண்ணிலும்.

அவர் கொடுத்த விலைக்கே கேட்டேன். லாபம் வைக்காமல் கொடுத்தார். பழைய கயிற்றையும் சுருட்டிக் கையில் தந்தார். காரியம் முடிந்தது என்று நினைத்துப் பசுவோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். "சாமிக்குக் குடுத்தத நீங்க வாங்கியாந்து கட்டுனா அது எனக்கு ஆகுமாம்மா? கோவில் வாசல்ல வச்சுக் குடுக்கணும். ஏலம் விட்டவுகதான் குடுக்கணும்" என்றாள். நான் படித்த எந்தத் தர்க்கமும் அங்கே செல்லவில்லை.

ஆகையால் பசு இப்போது பள்ளிக்கூடத்துப் பின்பக்க வேம்பில் கட்டிக் கிடக்கிறது. காலையிலும் மாலையிலும் அவள் கன்றைக் கொண்டுவந்து ஊட்டவிடுகிறாள், கறக்கிறாள், பாலைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு வெறுஞ்செம்போடு திரும்பிப் போகிறாள். ஒரு சொட்டுத் தொடுவதில்லை. பிழைப்புக்குக் களையெடுக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பில் இருந்த மகளையும் கூட்டிப் போகிறாள். அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை.

பங்கிராஸிடம் இரண்டு முறை போய்விட்டேன். பணம் ஒன்றும் திருப்ப வேண்டாம், கோவில் வாசலில் நின்று அவள் கையில் கயிற்றைக் கொடுத்தால் போதும் என்றேன். "இன்னிக்கி ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கி ஊரே வந்து நிக்கும். ஏலமே தப்புன்னு ஆயிரும். ஈஸ்டருக்கு அடுத்த ஏலம் போட்டிருக்கு, நோட்டீசு அடிக்கக் குடுத்தாச்சு" என்கிறார். பங்குச் சாமியார், எல்லாம் கமிட்டியின் பொறுப்பு என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். கட்டடத்துக்குத்தானே செய்கிறார்கள், உங்களுக்குத்தானே என்று வழியில் பார்ப்பவர்களெல்லாம் என்னையே கேட்கிறார்கள். எனக்குச் சலித்துவிட்டது சுகிர்தம்.

என் பேச்சை அவர்கள் கேட்கமாட்டார்கள். சென்னையிலிருந்து வரும் கடிதத்தைக் கேட்பார்கள். உங்கள் கமிட்டி ஆடு மாடு ஏலத்தில் வந்த பணத்தை ஊர்ப் பங்காக ஏற்காது என்றும், செபஸ்தியம்மாளின் பசுவை வழக்கப்படி கோவில் வாசலில் கொடுத்துவிட வேண்டும் என்றும் நாலு வரி எழுது. எனக்கு வேண்டாம், பங்கிராஸ் பெயருக்கே எழுது. உங்கள் கமிட்டியின் மற்ற அங்கத்தினர்கள் சம்மதிப்பார்களா என்று நீ யோசிப்பாய். அதனால் கட்டடம் இரண்டு வருஷம் தள்ளிப்போனாலும் போகட்டும். ஒழுகாத மூலை எது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முன் எழுது. கயிறு என் மேசையில், வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கிறது. காலையில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் பெயரையும் கூப்பிடுகிறேன்.

நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கச் செபிக்கிறேன். இத்தனை வருஷத்தில் செபிக்கிறேன் என்ற வார்த்தையை நான் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய்.

பிரியமுள்ள,
இன்னாசியம்மாள்