ஷெரினுக்குப் போதாத மூக்கு

மே 6, செவ்வாய்

விடிய மழை. கொட்டாஞ்சேனை முழுக்கத் தண்ணி. பஸ் இல்லை, ஒஃபிசுக்கு லேட்.

பின்னேரம் தங்கச்சி ஷெரின் சொன்னாள், மூக்குக்கு ஒப்பரேஷன் செய்யப் போறாளாம். தன்ட கலியாணத்துக்கு முன்னம். நுனியைக் கொஞ்சம் மெல்லிசாக்க. வியாழக்கிழமை டொக்டரோட வீடியோ கோல். நேரில போனா வெயிட்டிங் றூமில தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினமாம். அம்மாவுக்குப் பிடிக்கேல்ல. தொட்டுப் பாக்காம என்ன வைத்தியம் எண்டு கேட்டா.

பிறக்கேக்க எனக்கு மேலுதடு பிளவு. குழந்தையில தைச்சது. தழும்பு இருக்கு, மூக்கு இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. வயசு முப்பத்தாறு. அந்த மூக்கைப் பற்றி இந்த வீட்டில ஒருத்தரும் ஒரு டொக்டரிட்டயும் கேக்கேல்ல. ஷெரினுக்கு அவள்ட மூக்குப் போதாதாம்.

எரியுது. எழுதினாக் குறையுமெண்டு பாத்தன். குறையேல்ல.

மே 7, புதன்

வெக்கை. வாங்கினது: சவுக்காரம், மாஜரின், அம்மாட பிறஷர் குளிசை.

நாளைக்கு அந்தக் கோலுக்கு லைட் பிடிக்க நான்தானாம். எனக்குத்தான் கை நடுங்காதாம். ஓம் எண்டன். ஏன் ஓம் எண்டன்?

சின்னனில கோயிலுக்குப் போனா, இது உன்ட தங்கச்சியோ எண்டு கேப்பினம். கேட்டிட்டு என்னை ஒருக்காப் பாப்பினம். அந்தப் பார்வை இப்பவும் நெஞ்சுக்குள்ள.

மே 8, வியாழன்

கோல். ஷெ. பவுடர் போட்டு ஜன்னலோரம். டொக்டர் வயசான பொம்பிள, தமிழ். முகத்தை வழுவழுப்பாக்கிற போன் செட்டிங்கை முதல்ல நிப்பாட்டச் சொன்னா. நிப்பாட்ட, பரு தெரிஞ்சுது. எனக்குச் சந்தோஷம்.

இடப்பக்கம், வலப்பக்கம், நிமிந்து, சிரிச்சு. எல்லாம் பாத்திட்டு, இந்த மூக்கில ஒரு குறையும் இல்லை, தான் கை வைக்க மாட்டன் எண்டா. ஷெ. கெஞ்சினாள். இல்லையாம்.

லைட்டை மேசையில வைக்கக் குனிஞ்சன். கமராவுக்குள்ள வந்திட்டன் போல.

"அது ஆர்? கொஞ்சம் கிட்ட வாங்கோ."

அக்கா எண்டாள் ஷெ. டொக்டர் என்னட்டக் கேட்டா, இடப்பக்கத்தால மூச்சு வருதோ, கடைசியா ஆர் பாத்தது. வாறது குறைவு எண்டன். குழந்தையில தைச்ச பிறகு ஒருத்தரும் பாக்கேல்ல எண்டன்.

"இது திருத்தலாம். தழும்பு முழுசா மறையாது, மூக்கை நிமித்தலாம். வீடியோவில இவ்வளவுதான் சொல்லுவன். நேரில வாங்கோ."

தலையாட்டினன்.

கோல் முடிய ஷெ. அறைக் கதவைச் சாத்தினாள். அது தன்ட கோல் எண்டு உள்ளுக்க இருந்து சொன்னாள்.

மே 9, வெள்ளி

மழை இல்லை. உடுப்புக் காஞ்சுது.

டொக்டர் சொன்னதை அம்மாட்டச் சொன்னன். அழுதா. தைச்ச ஆஸ்பத்திரியில, வளந்த பிறகு திரும்பக் கூட்டிவரச் சொன்னவையாம். பிள்ளையை இன்னொருக்காக் கத்திக்குக் குடுக்கப் பயமாம். கத்தவேணும் போல இருந்துது. அவட கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

புதன் கிளினிக். லீவு கேட்டாச்சு.

இராச்சாப்பாடு. தானும் வரட்டோ எண்டு ஷெ. கேட்டாள். நேரில காட்டினா டொக்டர் மனசு மாறுவாவாம்.

"வேண்டாம். நான் தனியப் போறன்."

சாப்பிடாம என்ட மூக்கையே பாத்துக்கொண்டிருந்தாள். நான் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டன்.