ஏழுமலையின் கத்தி

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வாடைக் காற்று. பழவேற்காடு முழுக்க ஈரம். மெருகு போட்ட கத்தி மறுநாளே துருப்பிடிக்கிறது. மூன்றை மறுபடி தேய்த்தேன். தோள்பட்டை வலி. பட்டறையில் என் வீட்டுக்காரர் இரும்பைக் காய்ச்சி அடிப்பதோடு சரி. தேய்ப்பு, மெருகு, பூ வேலை எல்லாம் என் தலையில்.

மாலை, கோட்டைக்குப்பத்திலிருந்து கவிதா. மீஞ்சூர் கம்பெனியில் வேலை செய்கிறவள். துணியில் சுற்றி ஒரு பழைய கத்தி. போன வருஷம் படகு கவிழ்ந்து இறந்துபோன அவள் அப்பாவுடையது.

"நைனா கத்திக்கா. கண்ணாடி மாதிரி பண்ணி, அவரு பேரு போட்டுக் குடுங்க. அம்மாவுக்குத் தெரியாது."

நவ. 13, வியாழன்

வாங்க: உப்புத்தாள், ஆப்ப சோடா, கொசுவத்தி.

கவிதா கத்தியிலேயே நாள் போயிற்று. கறுப்பு, துரு எல்லாம் போனது. அதில் என் முகம். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருவளையமா?

நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் ஊசியால் பேரைக் கீறி, ஆசிட் தொட்டு வைத்தேன். கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். சோடாவில் கழுவியதும் பேர் தெரிந்தது. 'ழு'வின் வால் கொஞ்சம் கோணல். விட்டுவிட்டேன்.

இவர் பார்த்து, "சோக்கா கீது."

நவ. 15, சனி

காலை வாங்கிப்போன கவிதா, மதியம் அம்மாவோடு வந்து நின்றாள். அம்மா பேர் தேவகி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கத்தி முதுகுல மூணு கோடு இருந்துச்சே, எங்கேம்மா?"

துரு அரித்த தடம் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன்.

"வலைக் கண்ணு அளக்க அவரு அரத்தால போட்டது. அத வச்சுத்தான் வலை பின்னுவாரு."

"எனக்குத் தெரியாதும்மா," கவிதா அழுதாள்.

"நீ வேணும்னா பண்ண?" என்றார் இவர், அவர்கள் போன பிறகு. அதற்கும் கோபம் வந்தது. சாப்பிடவில்லை.

நவ. 16, ஞாயிறு

எழுந்ததும் தோன்றியது: கவிதா அப்பா பின்னிய வலை இருக்குமே? அரத்தை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப்பம் போனேன். மழை விட்டிருந்தது.

கேட்டேன். தேவகி பரணிலிருந்து மூன்று வலைகளை இறக்கினார். மூன்றும் வேறு வேறு கண். தேவகி வலைக் கண்ணை இழுத்துப் பிடிக்க, நான் கத்தி முனையை ஒரு முடிச்சில் வைத்து, அடுத்த முடிச்சு வரும் இடத்தில் கோடு போட்டேன். இப்படியே மூன்று.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ம்." அவ்வளவுதான்.

பிறகு கத்தியைத் திருப்பினார். எழுத்தின் மேல் விரல் வைத்து, ஒவ்வொன்றாக, "ஏ... ழு... ம... லை."

கவிதா நிமிர்ந்தாள். "நீ நைனா பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லம்மா."

"நானும்தான் கேட்டதில்ல," என்றார் தேவகி.