இறகுத் தக்கை

என் மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் புருஷன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைத் தவிர.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். தூண்டிலுக்காக நீ செய்து ஜன்னலில் காயவைத்திருந்த தக்கைகளில், சிவப்பு நுனி வைத்ததை எடுத்துக்கொண்டு நேற்று ஏரிக்குப் போனேன். வாத்து இறகின் தண்டை எப்படித்தான் இழைத்தாயோ, தண்ணீரில் ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. மீன் இரையை முகர்ந்தாலே தலையாட்டியது. என் கடைத் தக்கையோ, மீன் தின்று ஏப்பம் விட்ட பிறகுதான் அசையும்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த தபால்காரர் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தர அவருக்கு மனமே இல்லை.

"யாரு சார் செஞ்சது?"

"கடையில வாங்கினேன்" என்றேன். மருமகள் என்று சொன்னால், அவள் எங்கே என்று கேட்பாரே.

இன்று ஏரிக்கரைக்கு வியர்த்துப்போய் வந்து நின்றார். "எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டேன் சார், எங்கயும் இல்லியே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "என் மருமக செஞ்சது. சமைக்கத் தெரியாதவ குச்சிக்குச் சாயம் பூசுறான்னு விருந்தாளிங்க முன்னாடி சிரிச்சேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

அவர் தன் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். உன் அப்பா அம்மா முன்னால், அன்று சிரித்த அதே சத்தத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். அதன் பிறகு நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன் மாமனார்