தலையாட்டிவிட்டு வந்தேன்

ஞாயிறு, இரவு

குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்துப் போனேன். கடம்பத்தூரில் யார் கண்ணிலாவது படுவேன் என்று பயந்து, ரயிலேறித் திருவள்ளூர் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை. உள்ளே எல்லாரும் ஆண்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கூட்டம் நடத்துகிறவர் எழுந்து வந்தார். "வாம்மா. ஊட்டுக்காரரு குடிக்கிறாரா?"

தலையாட்டிவிட்டேன்.

நான்தான் குடிக்கிறேன் என்று சொல்லத்தானே போனேன்? காக்களூர் கம்பெனி வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலில் கலந்து குடிப்பவள் நான். என் வீட்டுக்காரர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை.

நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். "அடிக்கிறாராம்மா?" என்று கேட்டார் ஒருவர். அழுதுவிட்டேன். அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது மூலையில் இருந்தவர், "நீ எங்க ஊரு டைலர் மோகன் சம்சாரம்தானே? அவனா குடிக்கிறான்? நம்பவே முடியலியேம்மா" என்றார்.

"இங்க பேசறது வெளிய போவாது. அடுத்த வாரம் அவரையும் கூட்டினு வா," என்றார் கூட்டம் நடத்துகிறவர்.

வீட்டுக்கு வந்தால், அவர் சோறு வடித்து வைத்திருந்தார். எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது பக்கத்தில் தூங்குகிறார். நாளைக்கு அந்த மூலையில் இருந்த ஆள் கடைக்கு வந்து, இவர் தோளில் கைபோட்டு, "குடிய வுட்டுடு மோகன்" என்று சொன்னால்?