ஒரே ரொட்டிக்கு இரண்டு படை

அன்பு மகள் நெவேனாவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இனி முடியாது. உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. ஊரில் உன் அம்மாவும் நலம், பீப்பாயில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் அழுகியதற்கும் போர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாள். நீ ஜெனீவாவில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கத்தான் ஆசை, நீ எழுதியது நினைக்க விடவில்லையே. பத்திரிகைச் செய்தி படித்துச் சண்டை போட்டு, நீயும் உன் அறைத் தோழி, அந்தச் செர்பியப் பெண் ஸ்மில்யாவும் அறை நடுவே சாக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டீர்களாம். அடுப்பு அவள் பக்கம், ஜன்னல் உன் பக்கம். மருத்துவம் படிக்கும் மேதைகளே! துருக்கியரை விரட்டக் கைகோத்த பல்கேரிய, செர்பிய அரசுகளும் மாதக்கணக்கில் போட முடியாத எல்லையை ஒரே நாளில் போட்டுவிட்டீர்கள். அமைச்சரிடம் சொல்லி உன்னை வரவழைக்கட்டுமா?

இங்கே நடந்ததைக் கேள். கலினோவெட்ஸ் என்ற சிற்றூரைத் துருக்கியர் காலி செய்த காலை, நம் பல்கேரியப் படை கிழக்கிலிருந்தும் செர்பியப் படை வடக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்தன. ஊரார் வரவேற்பாக நீட்டும் ரொட்டியும் உப்பும் முதலில் யாருக்கோ அவர்களே ஊரை மீட்டவர்கள், ஊர் எங்களுக்கே என்று நாளை பேச்சுவார்த்தை மேசையில் வாதாடலாம். பாதிரியாரோ ஒரு படைதான் வரும் என்று நம்பி ஒரே ரொட்டி சுட்டிருந்தார். இரண்டு கர்னல்களும் குதிரையை விட்டு இறங்கவில்லை, முதலில் இறங்குபவன் சின்னவனாகிவிடுவானாம். இரண்டு மொழியும் தெரிந்த பாவத்துக்கு, படைக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்த இந்தப் பள்ளி வாத்தியார் நானும் செர்பியக் கேப்டன் ஜிவோயினும் நடுவில் நின்று இரண்டு மணி நேரம் பேசினோம். துருக்கியப் பீரங்கிகள் இன்னும் தெற்குப் பாலத்தைத் தாண்டவில்லை, யாராவது போய் மறியுங்கள் என்றேன். ரொட்டியை விட்டு ஒருவரும் நகரவில்லை, பீரங்கிகள் நிதானமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் பாதிரியார், "ஐயா, கை மரத்துப்போச்சு, யாராச்சும் பிச்சுத் தொலைங்களேன்" என்றார். ஜிவோயின் என் காதில், "வாத்தியாரே, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்கட்டும், பெரிய துண்டு வந்தவரு ஒயின் வாங்கித் தரட்டும்" என்றான். அப்படியே ஆனது. ஒன்றாகப் பிய்த்தார்கள். கண்ணால் கண்டதை அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

இன்று நம் கர்னல் வேறொரு தாளை நீட்டினான். பல்கேரியரே முதலில் பிய்த்தார்கள் என்று அவனே எழுதிய தாள். "போடுய்யா கையெழுத்த, நம்ம பக்கத்துல ரெண்டு பாஷையும் தெரிஞ்ச சாட்சி நீ ஒருத்தன்தான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம், இல்லேன்னா முன்வரிசைக்குப் போ" என்றான். ஜிவோயினிடமும் இதே தாளைத் தலைகீழாக எழுதி நீட்டியிருக்கிறார்களாம். இரண்டும் தலைநகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த போர் நமக்குள்தான். இந்தக் கர்னல் பள்ளியில் என் லத்தீன் தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். ஒரு நன்றி கூடச் சொன்னதில்லை, நானும் மறக்கவில்லை. செர்பியர் மேலும் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு நமக்கும் அவர்களுக்கும் நடந்த போரில் அவர்கள் சுட்ட குண்டு இன்னும் என் முழங்காலில் இருந்துகொண்டு மழை வருமா என்று சொல்கிறது. ஆனால் நாளை நான் சொல்லப்போவது இதுதான்: "நான் எழுதினத நீ பாத்து எழுதலாம், நீ எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." முன்வரிசை குளிரும், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அந்தக் கோட்டை அழித்துவிடு. யார் முதலில் அழிப்பது என்று பேச்சுவார்த்தை தொடங்காதே, அதற்குள் அடுப்பு அணைந்துவிடும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள். ஸ்மில்யாவையும் விசாரித்ததாகச் சொல், குண்டைப் பற்றி வேண்டாம். கடவுளும் கன்னி மரியாளும் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

கீழே பெயரெழுதப் பேனாவைக் கொண்டுபோய்விட்டு நிறுத்திவிட்டேன். நாளை கையெழுத்து மறுக்க வேண்டிய கை இன்றே பழகட்டும். இப்படியே தபாலில் போடுகிறேன், இந்தக் கோணல் எழுத்தும் புலம்பலும் யாருடையவை என்று உனக்கா தெரியாது.